சிற்றுருக்களுக்கு வண்ணம் பூசுதல் - ஹெல்பாய் பலகை விளையாட்டை முன்வைத்து

பலகை விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்குப் பரமபதமும் தாயமும்தான் நினைவுக்கு வரும். அவற்றில் காய் என்பது வெறும் அடையாளம். புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல் துண்டு என்று கையில் கிடைத்தது எதுவும் காயாகிவிடும். இதற்கு நேரெதிரான ஒரு விளையாட்டு வகை சென்ற ஐம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தில் வளர்ந்திருக்கிறது. அதில் காய்கள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மைகள். முகம், உடைமடிப்பு, இடுப்புப் பட்டையில் தொங்கும் பை வரை எல்லாம் செதுக்கப்பட்டிருக்கும். மினியேச்சர் என்கிறார்கள். அந்தச் சொல் மொகலாய, ராஜஸ்தானிய நுண்ணோவியங்களை நினைவுபடுத்திக் குழப்பும் என்பதால் இக்கட்டுரையில் 'சிற்றுரு' என்று வைத்துக்கொள்கிறேன்.

சிற்றுருக்கள் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில்தான் பெட்டிக்குள் வருகின்றன. வண்ணம் பூசிக்கொள்வது வாங்கியவர் பாடு. பூசாமலும் ஆடலாம், விதிகளில் எதுவும் மாறிவிடாது. ஆனாலும் பகலில் வங்கியிலும் மருத்துவமனையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்க்கும் வளர்ந்த மனிதர்கள் ஒரு பொம்மைக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று செலவழித்துப் பூசுகிறார்கள். வாங்கி அடுக்கிவிட்டுப் பூசாமல் விட்ட பொம்மைகளின் குவியலுக்கு 'வெட்கக் குவியல்' என்று அவர்களுக்குள் ஒரு பெயரே உண்டு. நானும் விம்பிள்டனில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தக் குவியலைக் குறைக்கப் பார்க்கிறவன்தான்.

இதில் படக்கதைப் பாத்திரங்களுக்கு வண்ணம் பூசுவது தனி ரகம். நெப்போலியன் காலத்துப் படைவீரனுக்கோ கற்பனைப் பூதத்துக்கோ பூசும்போது எழாத ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

ஈயத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-ல் உள்ளே வெற்றிடமாக இருக்கும்படி ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை இறங்கியது. பொம்மைச் சிப்பாய்கள் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அவை தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசப்பட்டு வந்தன. அறிவியல் புனைகதைகளால் நாம் அறிந்த எச்.ஜி. வெல்ஸ், இந்தச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் நடத்துவதற்கான விதிகளை எழுதி 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே வெளியிட்டார். வளர்ந்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்று இங்கிலாந்தில் நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர் எனலாம். புத்தகம் வந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது.

இன்றைய பொழுதுபோக்கின் வேர் 1975-ல் இருக்கிறது. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் மேற்கு லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்ககத்தில் 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மரத்தாலான விளையாட்டுப் பலகைகள் செய்வதும், அமெரிக்காவிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வரவழைத்து விற்பதும் அவர்களுடைய முதல் தொழில். 1978-ல் ஹேமர்ஸ்மித்தில் கடை திறந்தார்கள். அடுத்த ஆண்டு நியூவார்க் நகரில், பிரையன் ஆன்செல் தலைமையில், உலோகப் பொம்மைகள் வார்க்கும் 'சிட்டடல் மினியேச்சர்ஸ்' துணை நிறுவனம் பிறந்தது. பிறகு மொத்தத் தொழிலும் நாட்டிங்ஹாமுக்கு நகர்ந்தது. அங்கிருந்து வெளியேறிய ஊழியர்களும் சிற்பிகளும் சுற்றுவட்டாரத்திலேயே தனித்தனி நிறுவனங்கள் தொடங்க, அந்தப் பகுதிக்கே 'ஈயப் பட்டை' என்று செல்லப் பெயர் வந்துவிட்டது. ஈயம் உடம்புக்குக் கேடு என்பதால் பின்னர் ஈயமில்லாத உலோகக் கலவைக்கும், அதற்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

படக்கதை இதில் சேர்ந்ததும் சீக்கிரமே நடந்தது. '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் வார இதழ் 1977 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் இரண்டாம் இதழில் ஜட்ஜ் ட்ரெட் அறிமுகமானார். 1982-ல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ஜட்ஜ் ட்ரெட் பலகை விளையாட்டை வெளியிட்டது, லிவிங்ஸ்டன் வடிவமைத்தது. தொடர்ந்து சிட்டடல் அதே பாத்திரங்களை உலோகத்தில் வார்த்தது. தாளில் தட்டையாக இருந்த முகவாயையும் தோள்கவசத்தையும் விரல்களுக்கிடையே திருப்பிப் பார்க்க முடிந்தது அப்போதுதான். அமெரிக்காவில் 2002-ல் வந்த 'ஹீரோகிளிக்ஸ்' வேறு வழியில் போனது. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் அதில் தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசப்பட்டு வந்தார்கள். வசதிதான். ஆனால் கண் ஒரு பக்கமும் கண்ணுக்கான புள்ளி இன்னொரு பக்கமுமாக வந்த பொம்மைகளை வாங்கியவர்கள் சுரண்டி மறுபடி பூசிக்கொண்டதும் உண்டு.

ஹெல்பாய்

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் 'ஹெல்பாய்'. மைக் மிக்னோலா உருவாக்கிய பாத்திரம். 1994-ல் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தின் வழியாக முதல் தொடர் வந்தது. 2004-ல் கியர்மோ டெல் டோரோ படமாக எடுத்தார். கதைப்படி ஹெல்பாய் இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944 டிசம்பரில், இங்கிலாந்தின் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் நரகத்திலிருந்து வந்து விழுந்த குழந்தை. சிவந்த உடல், அரத்தால் ராவித் தேய்த்த கொம்புகள், கல்லாலான பெரிய வலது கை. வளர்ந்து, அமானுஷ்ய வழக்குகளைத் துப்புத் துலக்கும் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். பிசாசாகப் பிறந்தும் பிசாசுகளை விரட்டும் சம்பள உத்தியோகம் பார்க்கிறவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

நாட்டிங்ஹாமைச் சேர்ந்த மேண்டிக் கேம்ஸ் நிறுவனம் 2018-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் முன்பணம் திரட்டி இதைப் பலகை விளையாட்டாக்கியது. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஜேம்ஸ் ஹியூவிட் வடிவமைத்த விளையாட்டு 2019-ல் ஆட்டக்காரர்கள் கைக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில்லை. ஹெல்பாய், ஏப் சேபியன், லிஸ் ஷெர்மன், யோஹான் கிராவுஸ் ஆகியோரை எடுத்துக்கொண்டு ஒரே அணியாகத் தவளை அரக்கர்களை எதிர்க்கிறார்கள். ஆட்டத்தின் நுணுக்கங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சிற்றுருக்கள்.

மிக்னோலாவின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் கறுப்பால் யோசிப்பவர். ஒரு முகத்தில் பாதி முழுக் கறுப்பாக இருக்கும். கோட்டின் உட்புறம் முழுவதும் ஒரே கறுப்புப் பாளமாக விழுந்திருக்கும். நிழல் மெல்ல மெல்ல மங்குவது என்பது அவரிடம் கிடையாது. வெளிச்சம் அல்லது இருட்டு, இடையில் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு. பல தொகுதிகளுக்கு வண்ணம் தீட்டிய டேவ் ஸ்டூவர்ட்டும் இதைக் கெடுக்காமல், தட்டையான நிறங்களையே வைத்தார்.

இது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல என்று நினைக்கிறேன். 1972-ல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வெளியிட்ட இரும்புக்கை மாயாவியை நினைத்துப் பாருங்கள். அது 1962-லிருந்து பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் வந்த தொடர்; தொடக்க கால ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். மங்கிய தாளில் கறுப்பு மையில் அதைப் படித்துத்தான் நம்மில் பலருக்குப் படக்கதை பார்க்கும் கண் உண்டானது. கறுப்பு எங்கே விழுகிறது என்பதை வைத்தே முகபாவத்தைப் படிக்கப் பழகியவர்கள் நாம். (மாயாவிக்குச் சிற்றுரு செய்தால் வண்ணம் பூசுகிறவருக்கு வேலை மிச்சம். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும்தானே தெரியும்!)

இப்போது சிக்கலுக்கு வருவோம். தாளில் ஓவியர் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருமுறை முடிவு செய்தால் போதும். வாசகர் நிற்கும் இடமும் அவரே முடிவு செய்ததுதான். சிற்றுருவோ மேசை நடுவில் நிற்கிறது. நான்கு பக்கமும் நான்கு பேர். எனக்கு ஹெல்பாயின் இடது கன்னம் தெரியும்போது எதிரில் இருப்பவருக்கு முதுகு தெரிகிறது. அடுத்த நகர்த்தலில் பொம்மை திரும்பிவிடுகிறது. மிக்னோலாவின் கறுப்புப் பாளத்தை அப்படியே கன்னத்தில் பூசினால் ஒரு கோணத்தில் அற்புதமாக இருக்கும், மற்ற மூன்று கோணங்களிலும் முகத்தில் கரி அப்பியது போல இருக்கும்.

இதற்குச் சிலர் கொடுக்கும் பதில், படக்கதையை மறந்துவிட்டு எல்லாப் பொம்மையையும் போல இயற்கையாகப் பூசுவது. பள்ளங்களில் கருநீர் பாய்ச்சி, மேடுகளில் வெளிர்நிறம் தடவினால் யதார்த்தமான ஒரு சிவப்பு ஆசாமி கிடைப்பார். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2019-ல் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வகை வண்ணங்கள் இதை இன்னும் சுலபமாக்கிவிட்டன. வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே தடவை பூசினால், நீர்மம் தானே பள்ளத்தில் தேங்கிக் கருத்தும் மேட்டில் வடிந்து வெளுத்தும் நிழலையும் ஒளியையும் ஒன்றாகக் காட்டிவிடும். பெரிய படைகளைப் பூசுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஹெல்பாய்க்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. அந்த மெல்லிய மங்கல்தான் மிக்னோலா தவிர்த்தது. அதைக் கொண்டுவந்துவிட்டால் மேசையில் நிற்பது திரைப்படத்து ஹெல்பாயாக இருக்கலாம், படக்கதை ஹெல்பாய் அல்ல.

நான் கடைப்பிடிக்கும் வழி நடுவானது. வெளிச்சம் நேர் மேலேயிருந்து வருவதாக வைத்துக்கொள்வது. மேலேயிருந்து வரும் வெளிச்சத்துக்கு நான்கு நாற்காலியும் ஒன்றுதான். புருவத்துக்குக் கீழ், முகவாய்க்குக் கீழ், கோட்டின் உட்புறம், கல் கையின் அடிப்பாகம் எல்லாம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிழல்தான். அங்கெல்லாம் தயங்காமல் முழுக் கறுப்பு, கூர்மையான விளிம்போடு. மற்ற இடங்களில் தட்டையான நிறம், அதன் மேல் ஒரே ஒரு படி வெளிர்நிறம். தாளின் கறுப்பில் பாதியாவது காப்பாற்றப்படுகிறது.

எப்படிப் பூசுவது

புதுப் பொம்மையை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுக்குப் பொருள் மேலே ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பி.வி.சி. பொம்மைகளின் ஆயுதங்கள் பெட்டிக்குள் நெளிந்து போயிருக்கும். வெந்நீரில் சில விநாடிகள் அமிழ்த்தி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்த வாக்கில் இறுகிவிடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், அதைக் கத்தியால் சுரண்டிவிடலாம்.

அடுத்தது ப்ரைமர் என்ற அடிப்பூச்சு. தெளிப்பான் குப்பியில் வருவதைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். லண்டனில் இது வானிலை சார்ந்த விஷயம். ஈரக்காற்றில் தெளித்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும், அடுக்ககத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள் தெளிக்கவும் முடியாது. மேலும் சில தெளிப்பு வகைகள் மென்மையான பி.வி.சி.யின் மேல் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அக்டோபருக்கு மேல் நான் தூரிகையால் பூசும் அடிப்பூச்சையே நாடுகிறேன். முழுக்கக் கறுப்பு பூசி, உலர்ந்ததும் உச்சியிலிருந்து மட்டும் வெள்ளையை லேசாகத் தட்டினால் மேலிருந்து வரும் வெளிச்சம் எங்கே விழும் என்று பொம்மையே வரைபடம் காட்டும்.

வண்ணங்கள் நீரில் கரையும் அக்ரிலிக். ஸ்பெயினின் வயெஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர், இங்கிலாந்தின் சிட்டடல் ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. புட்டியிலிருந்து நேரே பூசக்கூடாது. பால் பதத்துக்கு நீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரே தடிமனான பூச்சு, சிற்பி செதுக்கிய விரல் இடுக்கையெல்லாம் மூடிவிடும். கலந்த வண்ணம் ஐந்து நிமிடத்தில் காய்ந்து போகாமலிருக்க, மூடியுள்ள டப்பாவில் நனைத்த பஞ்சுத்தாளைப் பரப்பி, மேலே அடுமனைத் தாளை விரித்து, அதில் கலக்கிறார்கள். இரண்டு நாள் வரை ஈரம் நிற்கும்.

தூரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. 1832-ல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டனின் 'சீரிஸ் 7' தூரிகைகள் இன்றும் இத்துறையில் முதல் மரியாதை பெறுகின்றன. 1866-ல் விக்டோரியா அரசிக்காகச் செய்யப்பட்டவை. அவருக்குப் பிடித்த அளவு ஏழு என்பதால் அந்தப் பெயர். சைபீரிய மரநாய் இனமொன்றின் வால் முடி. அரசி நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைந்த தூரிகையின் சிறிய அளவுகளில் இப்போது தவளை அரக்கனின் பல்லுக்கு மஞ்சள் பூசுகிறோம். மிகச் சிறிய தூரிகை வேண்டும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேண்டியது கூரான நுனி. அளவு ஒன்றே முகம் வரை எல்லாவற்றுக்கும் போதும், மிகச் சிறியதில் வண்ணம் நுனிக்கு வருவதற்குள் காய்ந்துவிடும்.

ஹெல்பாயிடம் வம்பு செய்வது சிவப்பு. சிவப்பு நிறமிகள் பலவும் அடியிலிருப்பதை மூடாதவை. கறுப்பின் மேல் நேரே பூசினால் நான்கு பூச்சுக்குப் பிறகும் அழுக்காகவே இருக்கும், வெள்ளையின் மேல் பூசினால் ரோஜா சாயல் எட்டிப் பார்க்கும். முதலில் செங்கல் பழுப்பு, அதன் மேல் சிவப்பு என்றால் இரண்டே பூச்சில் உட்காரும். வெளிச்சப் பகுதிக்கு வெள்ளை கலந்தால் ஹெல்பாய் பஞ்சுமிட்டாய் ஆகிவிடுவார். ஆரஞ்சுதான் கலக்க வேண்டும். தோலும் கல் கையும் ஏறத்தாழ ஒரே சிவப்பு என்பது அடுத்த தலைவலி. மிக்னோலா இரண்டையும் நிறத்தால் பிரிப்பதில்லை, கோட்டால் பிரிக்கிறார். அதையே பின்பற்றி, கையின் விரிசல்களில் மட்டும் கறுங்கோடு ஓட்டி விளிம்புகளை ஆரஞ்சால் கூர்மையாகக் கீறினால் கல் கல்லாகத் தெரியும். லிஸ் ஷெர்மன் கையில் எரியும் தீயில் இன்னொரு பாடம்: தீ உருவாகும் இடத்தில்தான் அதிக வெளிச்சம். அடியில் மஞ்சள் கலந்த வெள்ளை, நுனியில் கருஞ்சிவப்பு. பலரும் இதைத் தலைகீழாகப் பூசுகிறார்கள்.

கண்

எல்லோரும் அஞ்சுவது கண்ணைத்தான். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆறடி மனிதன் மூன்றரை சென்டிமீட்டர் ஆனால் அளவு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. அதை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் யாருடைய கருவிழியும் நமக்குத் தெரியாது, புருவத்தடியில் ஒரு நிழல்தான் தெரியும். ஆகவே சிற்றுருவின் கண்ணை இயற்கையான அளவில் பூசினால் அது காணாமல் போகும். பெரிதாக்கிக் கறுப்புக் கரை கட்டினால்தான் பார்வை தெரியும்.

இதைப் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் சென்னைக் கொசப்பேட்டையிலும் கொலுப் பொம்மை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்கும் ஏழாம் படியிலுள்ள பொம்மையின் முகம் தெரிய வேண்டும். அதனால்தான் கொலுப் பொம்மையின் கண் அவ்வளவு பெரியது, மையிட்ட கரை அவ்வளவு தடிமன். வெள்ளை அடிப்பூச்சு, தட்டை நிறம், அதன் மேல் கோடு என்று வேலையின் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரிய வித்தியாசம் முதுகில் இருக்கிறது. கொலுப் பொம்மை முன்பக்கமிருந்து மட்டுமே பார்க்கப்படுவது; பின்பக்கம் பலவற்றில் ஒரே நிறத்தை அடித்து விட்டிருப்பார்கள். விளையாட்டுச் சிற்றுருவுக்கு முன்பக்கம் என்ற ஒன்றே இல்லை. மிக்னோலாவின் கறுப்பு தாளிலிருந்து கொலுப்படிக்கு வந்திருந்தால் சிக்கலே எழுந்திருக்காது.

இங்கே எங்கள் தெருவில் கும்பகோணத்து அக்கா ஒருவர் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மண் பொம்மை ஒன்று பயணத்தில் அடிபட்டது. என் மேசையில் தூரிகைகளைப் பார்த்தவர் எடுத்து வந்தார்.

"மூக்கு நுனியும் ரெண்டு விரலும் சரிபண்ணிக் குடுத்தாப் போதும் தம்பி. கண்ணுல மட்டும் கை வச்சுடாதப்பா."

"கண் லேசா அழிஞ்சிருக்கே அக்கா, அதையும் தொட்டுடறேனே?"

"வேண்டாம். அவங்க திறந்த கண்ணு. அழிஞ்சிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்."

மூக்கை எபாக்ஸி களிமண்ணால் ஒட்டி, மேலே அக்ரிலிக் பூசியதில் நிறம் பொருந்திவிட்டது. கண்ணைத் தொடவில்லை. நம் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பவர்கள். அதோடு பொம்மை முடிந்தது, பிறகு யாரும் கை வைப்பதில்லை. சிற்றுரு பூசுகிறவர்களில் பலர் கண்ணை முதலில் முடித்துவிடுகிறார்கள். கோடு வழிந்தால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதிக்காக. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. என்றாலும் அதன் பிறகு ஹெல்பாயின் இரண்டு மஞ்சள் புள்ளிகளை நான் கடைசிக்குத்தான் வைக்கிறேன். வேலை கொஞ்சம் கூடுதல்தான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

மத்திய லண்டனில் எர்ல்ஹாம் தெருவிலுள்ள ஆர்க்ஸ் நெஸ்ட் போன்ற கடைகளில் வண்ணமும் தூரிகையும் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு நிறம், ஒரு நல்ல தூரிகை, ஒரு மலிவான தூரிகை போதும். வண்ணப் புட்டி ஒன்று மூன்று, நான்கு பவுண்டு ஆகும். டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பகல் வெளிச்சத்தை ஒத்த ஐயாயிரம் கெல்வினுக்கு மேற்பட்ட விளக்கு அவசியம். சாதாரண மஞ்சள் விளக்கடியில் பூசிய சிவப்பு, காலையில் வேறொரு சிவப்பாக இருக்கும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இத்துறையில் பலருக்கு உண்டு, தொற்றிக்கொள்ள வேண்டாம்.

பூசி முடித்ததும் ஒரு வாரம் விட்டு, பளபளப்பில்லாத வார்னிஷ் பூசுங்கள். இவை கைபடும் பொம்மைகள். வார்னிஷ் இல்லாவிட்டால் விரல் எண்ணெயே நாலைந்து ஆட்டத்தில் கொம்பு நுனியின் வண்ணத்தைத் தின்றுவிடும். முதல் பொம்மையாக ஹெல்பாயை எடுக்காதீர்கள். தவளை அரக்கர்களில் ஒன்றை எடுங்கள். ஒரே உருவில் பல இருக்கின்றன, ஆட்டத்தில் அடிபட்டு முதலில் வெளியேறுவதும் அவைதான்.